கணினியும் காலப்பிரமாணமும்

இசையின் உயிர் காலப்பிரமாணத்திலே தங்கியுள்ளது என்பர். விரைந்து வாசிப்பதனால் மட்டும் ஒருவன் நல்ல மிருதங்க வித்துவான் ஆகிவிடுவதில்லை. எடுத்த காலத்தை இறுதிவரை தளராது காப்பவனே அப்பெயருக்கு உரியவன். கணினியைத் தன் இசைக்கருவியாகக் கொள்ளும் கலைஞன் அதனிடத்து வேண்டி நிற்பதும் இதுவே. அவன் எந்தப் பணிசெயல் முறைமையைத் தெரிந்தெடுத்தல் தகும் என்னும் ஆராய்ச்சியும் இவ்விடத்திலிருந்தே தொடங்கப்படல் வேண்டும்.

கணினி இசையின் தொடக்க காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மக்ஸ் மத்யூஸ் எழுதிய செய்நிரல் ஒலியை எண்களாகக் கணித்து நாடாவிற் பதித்தது. அவ்வெண்கள் பின்னரே ஒலியாக மாற்றப்பட்டன. அன்று கேட்பவன் காத்திருந்தான். இன்றோ, விசையில் விரல் பட்ட கணமே ஒலி எழவேண்டும்.

அக்கணத்தின் அளவு யாது? செக்கனுக்கு 48,000 மாதிரிகள் வீதம் ஒலியைக் கையாளும் கணினி, அவற்றை 1,024 மாதிரிகள் கொண்ட தொகுதிகளாகப் பெறுமாயின், ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 21 மில்லிசெக்கன் கழிகின்றது. அந்நேரத்தில் ஒலி காற்றில் 7 மீற்றருக்கு மேல் சென்றுவிடும். கலைஞன் தன் வாசிப்பைத் தானே மண்டபத்தின் மறுகோடியில் நின்று கேட்பது போலாகும். தொகுதியை 128 மாதிரிகளாகச் சுருக்கின் இத்தாமதம் 3 மில்லிசெக்கனுக்குள் அடங்கும். ஆயின், அக்குறுகிய தவணைக்குள் ஒவ்வொரு முறையும் கணினி தன் வேலையை முடித்தாகவேண்டும். ஒருமுறை தவறினும் ஒலி வெடித்துக் கேட்கும். ஆயிரம் முறை முந்தி முடித்தமை அந்த ஒரு தவறை ஈடுசெய்யாது. வேண்டப்படுவது விரைவன்று, தவறாமையே.

1991ஆம் ஆண்டில் லினஸ் ரோவால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் என்னும் கருநிரல், பல வேலைகளுக்கும் நேரத்தைப் பங்கிட்டளிக்கும் பொதுநோக்குடையது. அவசர வேலை வந்தவுடன் கைவேலையை விட்டுக்கொடுக்குமாறு அதனைப் பழக்கும் திருத்தங்கள் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதற்குப் புறம்பாகவே வளர்ந்தன. அவற்றைத் தாமே பொருத்திக்கொள்ளும் தொழினுட்ப அறிவு இசையாளர் எல்லோர்க்கும் வாய்ப்பதன்று. இக்குறையை நிரப்பவே இசைக்கெனத் தனி வழங்கல்கள் தோன்றின. ஸ்ரன்போர்ட் பல்கலைக்கழகத்தின் கணினி இசை ஆய்வு நிலையம், திருத்திய கருநிரலையும் இசை மென்பொருள்களையும் ‘பிளனற் கர்மா’ என்னும் பெயரில் தொகுத்து, முதலில் றெட் ஹற், பின்னர் பெடோறா ஆகிய வழங்கல்களின் மேல் நிறுவத்தக்கதாகப் பொதுவில் அளித்தது. 2007இல் உபுண்டு ஸ்ரூடியோ வெளிவந்தது.

இன்று நிலைமை மாறியுள்ளது. அத்திருத்தங்களின் இறுதிப் பகுதி 2024இல் வெளியான லினக்ஸ் 6.12ஆம் பதிப்பிற் சேர்ந்தமையால், அவ்வசதி மூலக் கருநிரலிலேயே தெரிந்தெடுக்கக்கூடிய ஒன்றாயிற்று. நாளாந்த ஒலியையும் கலைக்கூட ஒலியையும் ஒருங்கே கையாளும் பைப்வயரை 2021இல் பெடோறா 34 தன் இயல்பான ஒலி ஏற்பாடாகக் கொண்டது. ஆகவே, தனி வழங்கலின்றி இசைப்பணி இயலாது என்னும் பழைய முடிபு மீள்பரிசீலனைக்குரியது.

தனி வழங்கலில் வசதி உண்டு. வேண்டிய மென்பொருள்கள் முன்னரே ஒழுங்குசெய்யப்பட்டிருக்கும். ஆயினும், இவற்றுட் பல சிலரது தன்னார்வ உழைப்பில் நிற்பவை. அவர் கை ஓய்ந்தால் அவையும் ஓயும். ஏறத்தாழ ஈராண்டுக்கொரு முறை புதுப்பதிப்பு வெளியிடும் டெபியன், இடையில் அதிகம் மாறுவதில்லை. நெடுநாள் நீளும் ஒலிப்பதிவுக்கு அதுவே துணை. இடையறாது புதுப்பிக்கப்படும் ஆர்ச் புதுமையை உடன் தரும். ஒலிப்பதிவுக்கு முதல்நாள் இரவிலும் தரக்கூடும் என்பதே அதன் இடர்.

இவை யாவற்றினும் மேலாக நோக்கத்தக்கது ஆக்கத்தின் ஆயுளாகும். ஆடர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருள் தன் பணிக்கோப்பை வாசிக்கத்தக்க எழுத்துருவிற் சேமிக்கின்றது. பதிந்த ஒலியோ பல மென்பொருள்களும் திறக்கக்கூடிய பொதுக்கோப்புகளில் இருக்கின்றது. இத்தகைய ஏற்பாட்டைக் கைக்கொள்பவன் வழங்கலை மாற்றினும் பாடலை இழப்பதில்லை.

வழங்கல்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிப் பார்ப்பதிலே காலங்கழித்து, ஒரு பாடலையேனும் முடிக்காதிருப்போரும் உளர். தேடல் தொழிலாகிவிட, தொழில் தேடுவாரற்றுப் போகின்றது. வீணையைத் தச்சன் செய்கின்றான். சுருதி கூட்டுபவன் வைணிகனே. தன்னிடமுள்ள ஒலியிடைமுகத்தை இணைத்து, தொகுதியின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒரு முழுப்பாடலை வெடிப்பின்றி வாசித்துப் பார்த்த கலைஞனுக்கு வேறு பரிந்துரை வேண்டுவதில்லை. அச்சோதனையில் தேறிய வழங்கலோடு அவன் அமைதியுற்று இசைக்குத் திரும்புதலே முறையாகும்.