அந்தாதியும் லிங்க்டு லிஸ்ட்டும்

ஜெகதாப்பட்டினத்து மீனவர் வீட்டு மாணவி ஒருத்தி, 'லிங்க்டு லிஸ்ட்' கணக்கில் இடறி, படிப்பையே விடப்போவதாக நம்மிடம் கலங்கினாள். நாம் அறிந்தது அந்தாதி மட்டுமே. ஒவ்வொரு கணுவும் அடுத்ததன் முகவரியைத் தாங்கும் என்று அவள் விளக்கியதும், பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து நினைவுக்கு வந்தது. ஒரு பாட்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம். ஏட்டுக்கட்டு அவிழ்ந்து சிதறினாலும் வரிசை மீளும்.

"நடுவில் ஒரு பாட்டை நீக்க வேண்டுமெனில்?" என்று கேட்டோம். சற்று யோசித்தாள். முந்தையதை அடுத்ததோடு முதலில் தொடுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்தால், எஞ்சியவை இருந்தும் எட்டா. அபிராமி அந்தாதிபோல் ஈறு முதலோடு மண்டலித்தால், நிற்கும் இடமும் தெரிய வேண்டும்.

மறுநாள் நிரலோடு வந்தாள், படிப்பு அறுபடவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் நம் கைக்கு முழுமையாக எட்டாமற்போன இழப்பு, அன்றுதான் நமக்கு உறைத்தது.