எழுத்தறையில் தீரும் வழக்குகள்

சட்டத்தரணி என்றவுடன் நம்மிற் பலருடைய மனக்கண்முன் தோன்றுவன கறுப்பங்கியும் நீதிமன்றிலே முழங்கும் குரலுமே. திரைப்படங்கள் அக்காட்சியை ஆழப் பதித்துவிட்டன. ஆயினும் சட்டத்தொழிலின் பெரும்பகுதி குரல் உயராத ஓர் அறையிலே, உறுதிக் கட்டுகளுக்கும் நில அளவைப் படங்களுக்கும் நடுவே நடைபெறுகின்றது. தம்பிலுவிலிலே பிறந்து, கல்முனையில் மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் தொழில் பயின்ற காலத்தில் நான் கண்டுகொண்ட உண்மை இது.

இங்கிலாந்திலே அறைப் பணியைச் சொலிசிட்டரும் மன்றுப் பணியைப் பாரிஸ்டரும் பகிர்ந்துகொள்கின்றனர். இலங்கையிலும் பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற பிரிவு நெடுங்காலம் நிலவிற்று. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டம் இரு சாராரையும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயரின்கீழ்க் கொணர்ந்தது. பெயர் ஒன்றாயிற்று, பணிகள் இரண்டாகவே நின்றன. அவற்றுள் மக்களின் வாழ்வை அதிகம் காப்பது எது என்று கேட்டால், அறைப் பணியே என்பேன்.

எங்கள் கரையோரத்திலே பெண்மக்களுக்கு வீடும் வளவும் சீதனமாக எழுதிக்கொடுக்கும் வழக்கம் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஒருங்கே காணப்படுவது. இதனால் ஒரு கட்டடத்துக்கு வாடகை வாங்குபவர் ஒருவராகவும் உறுதி உடையவர் வேறொருவராகவும் இருத்தல் உண்டு. நான் பயின்ற காலத்தில் வந்த பிணக்கொன்று இத்தகையது. அரிசி ஆலையொன்றை ஒருவர் ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுத்திருந்தார். குத்தகை கொடுத்தவர் காலஞ்சென்ற உரிமையாளரின் மகன். மின்கணக்கும் அவர் பெயரிலேயே இருந்தது. குத்தகைப் பணத்தில் மனத்தாங்கல் ஏற்படவே, அவர் எழுதிக்கொடுத்து மின்னிணைப்பைத் துண்டிக்கச் செய்தார். பெரும்போக அறுவடைக் காலம் அது. களத்து நெல் மூடை மூடையாக ஆலை வாசலில் வந்து குவிந்தது, இயந்திரமோ அசையவில்லை.

குத்தகைக்காரர் கேட்டது ஒன்றே: “ஐயா, நாளைக்கே வழக்குப் போடுங்கோ.” மூத்தவர் வழக்குப் போடவில்லை. குத்தகைப் பத்திரத்தைக் கேட்டார். முத்திரை ஒட்டிய வெறுந்தாளொன்று வந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் எழுதப்படல் வேண்டும். ஐந்தாண்டு என எழுதிய அத்தாள் ஐந்தாண்டுக் குத்தகையை அவருக்குக் கொடுக்கவில்லை. அடுத்து, காணிப் பதிவேட்டைத் தேடும்படி என்னை அனுப்பினார். இரண்டு நாள் ஏடுகளைப் புரட்டியபின், ஆலை நின்ற காணியைத் தந்தை தம் வாழ்நாளிலேயே மகளுக்குச் சீதன உறுதியாக எழுதியிருந்தமை தெரியவந்தது. உடன்பிறந்தாரும் குத்தகைக்காரரும் அவ்வறையிலே ஒன்றாக அமர்ந்தனர். அண்ணன் முகம் சிவந்தது. தங்கை நெடுநேரம் பேசவில்லை. முடிவில் தங்கையே குத்தகையை முறைப்படி எழுதிக்கொடுத்தாள். மின்கணக்கு அவள் பெயருக்கு மாறிற்று. கணக்கு யார் பெயரில் இருக்கும், வைப்புப்பணம் யாருடையது, நிலுவை யார் பொறுப்பு என்று மூன்று வரிகள் அப்பத்திரத்திலே சேர்ந்தன. அம்மூன்று வரிகள் பத்தாண்டு வழக்கொன்றைத் தவிர்த்தன எனல் மிகையாகாது.

எழுத்தின் அருமையை எங்கள் கரை வேறொரு வகையிலும் அறியும். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை வீடுகளோடு உறுதிப் பெட்டிகளையும் கொண்டுசென்றது. “கிழக்கெல்லை கடல்” என்று எழுதப்பட்ட காணிகளின் எல்லையே பின்பு கேள்விக்குள்ளாயிற்று. ஆயினும் நொத்தாரிசு ஓர் உறுதியை முடிக்கும்போது, மூலம் உரியவரிடமும், மூலப்படி நொத்தாரிசிடமும், இரட்டைப்படி காணிப் பதிவகத்திலும் சேரும் ஏற்பாடு உண்டு. அந்த இரட்டைப்படியிலிருந்தே, உறுதியை இழந்தோர் மீண்டும் அத்தாட்சிப் பிரதி பெற இயன்றது. போரினால் ஊரைவிட்டுப் போனோர்க்கு வேறோர் இடர்: பிறர் பத்தாண்டு தடையின்றி ஆண்டால், 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாறிப் போகலாம். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்திலே தீவிரவாதச் செயல்கள் காரணமாகத் தம் காணிக்குச் செல்ல இயலாதோர்க்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. நீதி காலந்தாழ்ந்து வந்தது. வந்தபோதும் உறுதி வைத்திருந்தோரே எளிதிற் பயன்பெறக்கூடியவராயினர்.

சிறிய ஆலைக்குப் பொருந்துவது பெரிய மின்னிலையத்துக்கும் பொருந்தும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலே கிணற்று நீரில் எண்ணெய் படிந்தமை குறித்து 2015இல் உயர் நீதிமன்றிலே அடிப்படை உரிமை மனுவொன்று தாக்கலாயிற்று. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, அனல்மின் நிலையத்தை நடத்திய கம்பனி இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனவும், பாதிப்புற்ற ஒருவர்க்கு உச்ச அளவு 40,000 ரூபாய் எனவும் வகுத்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்தல் வேண்டும் என்ற கோட்பாடு அங்கே நிலைநாட்டப்பட்டது. அவ்வழக்கைத் தாங்கியவை நீர்ப் பரிசோதனை அறிக்கைகளே. ஒரு குடும்பத்தின் கிணற்றுக்கு 40,000 ரூபாய் ஈடாகுமா என்ற கேள்வி எழவே செய்யும். அதற்கு விடை தேடும்போது, ஒவ்வொருவரும் தத்தம் இழப்பைத் திகதியோடும் தொகையோடும் எழுதி வைத்தலின் இன்றியமையாமை புலப்படும். கண்ணீரை மன்று காணும். அளவிடுவதோ ஆவணத்தைக் கொண்டே.

இன்று கடைக்கட்டடக் குத்தகைகளும் கடன் பத்திரங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலே வருகின்றன. கையொப்பமிடுபவர் அவற்றை வாசிப்பதில்லை, வாசித்தாலும் விளங்குவதில்லை. எங்கள் பழைய உறுதிகளோ எல்லை, பரப்பு, மரம், கிணறு யாவற்றையும் தமிழிலே ஐயமறக் கூறின. அந்த ஆற்றல் மொழிக்கு இன்றும் உண்டு. வைப்புப்பணம், நிலுவை, மின்வழி உரிமை முதலியவற்றையும் அது தெளிவாகச் சொல்லும். சொல்லவைப்போர் வேண்டும். சட்டம் பயிலும் தமிழ் மாணவர்கள் மன்றின் முழக்கத்தை மாத்திரம் கனவு காணாது, சிற்றூர் அறையொன்றிலே அமர்ந்து பிழையற்ற பத்திரமொன்றை எழுதுவதையும் பெருமையாகக் கொள்வாராயின், எத்தனையோ ஆலைகள் அறுவடைக் காலத்தில் நில்லாது இயங்கும்.