ஆர்லாண்டோவில் அம்மா அப்பா... டிக்கெட் எடுக்காமல்!

உங்க செட்டுல ஜி.ஆர்.இ. எழுதிட்டு ஐ-20க்குக் காத்திருக்கிற ஆள் ஒருத்தராவது இருப்பாங்க. அது நீங்களாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. போகிற இடம் யு.சி.எஃப்., அதாவது ஆர்லாண்டோவில் இருக்கிற சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் என்றால், இந்தப் பக்கத்தைக் கிழிச்சு பாஸ்போர்ட்டோடு வெச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு, உங்க கான்வகேஷனுக்கு அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் வந்து இறங்கும்போது உதவும்!

இறங்கினதுமே தங்கச்சி கேட்பாள்... ‘டிஸ்னி எப்போ?’

நியாயமான கேள்விதான். ஆனா டிஸ்னியில் ஒரு நாள் டிக்கெட் 100 டாலருக்கு மேல். கூட்டத்தைப் பொறுத்து விலை ஏறும். கிறிஸ்துமஸ் சமயத்தில் 200ஐத் தொட்டுவிடும். 3 வயசுக்குக் கீழே இருந்தால் இலவசம். தங்கச்சிக்கு 17! ஆளுக்கு 150 என்றே வைத்தாலும் நாலு பேருக்கு 600 டாலர். காரை நிறுத்தவே 30 டாலருக்குக் குறையாது. அம்மா மனசுக்குள்ளேயே பெருக்கி, ‘அரை லட்சமா!’ன்னு முடிச்சுடுவாங்க. அப்புறம் வரும் பாருங்க டயலாக்... ‘எனக்கு முட்டி வலி, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.’ அப்பாவோ, ‘இதெல்லாம் கிஷ்கிந்தாவுலயே பார்த்தாச்சே’ம்பார். எஜுகேஷன் லோன் வட்டி ஓடிக்கிட்டிருக்கிற வீட்டில் முட்டி வலி எங்கேயிருந்து வருதுன்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?

கையில் துட்டு இருந்தால் ஒருநாள் தாராளமா போயிட்டு வாங்க. இல்லையா, மூஞ்சியைத் தொங்கப் போடவேண்டாம். அந்த ஊரில் காசு கேட்காத இடங்கள் ஏராளம். அதில் சிலது டிஸ்னிக்காரர்கள் வாசலிலேயே இருக்கு.

முதலில் தங்கச்சியைச் சமாதானப்படுத்தணும். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கூட்டிக்கிட்டுப் போங்க. ஏரிக்கரையில் கடைத்தெரு, பாட்டு, விளக்கு, லெகோவில் செஞ்ச ராட்சதப் பொம்மைகள்... நுழைவும் இலவசம், பார்க்கிங்கும் இலவசம். யுனிவர்சல் வாசலில் இருக்கிற சிட்டிவாக்கும் இதே ரகம். மாலை 6 மணிக்கு மேல் போனால் பெரும்பாலான நாட்களில் பார்க்கிங்குக்கும் காசில்லை. ரெண்டுமே அடிப்படையில் ஷாப்பிங் சமாசாரம். சாப்பிட்டுவிட்டுப் போவது உத்தமம்.

ஒரு எச்சரிக்கை. சாலையோர பூத்களில் ‘டிஸ்னி டிக்கெட் இலவசம்’னு போர்டு பார்த்தா அப்பாவை அந்தப் பக்கம் விடாதீங்க. டைம்ஷேர் ஆசாமிகள்! வருஷத்துக்கு ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கும் உரிமையை விற்கிற பிசினஸ். ‘தொண்ணூறே நிமிஷம் பேச்சைக் கேளுங்க’ம்பாங்க. கையெழுத்து வாங்குகிற வரை விடமாட்டாங்க. நம்ம ஊர் ‘குலுக்கலில் உங்க நம்பருக்குப் பரிசு சார்’ கோஷ்டிக்கு அண்ணன்கள்.

இனி ஊருக்குள்ளே வாங்க. டிஸ்னி வருவதற்கு முன் இந்த வட்டாரத்தின் பிழைப்பு ஆரஞ்சுத் தோப்பும் மாட்டுப் பண்ணையும். 1960களின் நடுவில் வால்ட் டிஸ்னி டுபாக்கூர் கம்பெனி பெயர்களில் கமுக்கமா சுமார் 27,000 ஏக்கர் வளைச்சுப் போட்டார். சராசரியா ஏக்கருக்கு 200 டாலர்கூட ஆகலை. பாவம், 1966இல் மனிதர் இறந்தே போனார். பூங்கா திறந்தது 1971 அக்டோபர் 1. அன்றைக்கு நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர், ரைடுகளுக்குத் தனி. 1980களில் அடுத்தடுத்து அடித்த உறைபனியில் ஆரஞ்சும் போச்சு. மிச்சம், ஏரிகள்.

நகரின் நடுவில் இருக்கிற ஏரி ஈயோலா. சுற்றி வர ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. அம்மாவுடைய வாக்கிங்குக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. அன்னப்பறவைகள் கரையேறி உங்க பக்கத்திலேயே நடக்கும். இருட்டினதும் நடு ஏரியில் கலர் நீரூற்று. லிங்க்ஸ் என்கிற டவுன் பஸ்ஸில் 2 டாலரில் வந்துவிடலாம். ஆக, செலவு பஸ் காசு மட்டும்.

இந்த ஏரி மனுஷன் வெட்டினது இல்லை. ஃப்ளோரிடாவின் அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அதை அரிக்க அரிக்க, ஒருநாள் மேல்மண் பொத்தென்று உள்ளே போய்விடும். அப்படி உண்டான பள்ளம்தான். ‘சும்மா கதை’ங்கிறீங்களா? பக்கத்து ஊர் வின்டர் பார்க்குக்குப் போங்க. 1981 மே மாதம் அங்கே திடீர்னு வாய் பிளந்த பள்ளம் சுமார் 100 மீட்டர் அகலம்! ஒரு வீடு, ஒர்க்ஷாப்பில் நின்ற போர்ஷே கார்கள், நகராட்சி நீச்சல் குளத்தில் ஒரு பகுதி... எல்லாம் ஸ்வாஹா. இப்போ அது ஒரு சின்ன ஏரி. சிவில் மக்கள் அங்கே ஒரு கும்பிடு போட்டுட்டு, அப்படியே 1885இல் தொடங்கின ராலின்ஸ் கல்லூரி கேம்பஸுக்குள் ஒரு நடை நடக்கலாம். அடுத்தவங்க காலேஜைச் சுற்றிப் பார்க்கிற சுகமே தனி!

அப்பாவுக்கு? முதலை. யு.சி.எஃப்.புக்குக் கிழக்கே, கிறிஸ்துமஸ் என்று பெயர்கொண்ட ஊரில் (சத்தியமா அதுதான் பேர்) ஆர்லாண்டோ வெட்லேண்ட்ஸ் இருக்கு. 1,650 ஏக்கர் சதுப்பு நிலம். நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீரை இங்கே கொண்டுவந்து விடுறாங்க. அதில் மிச்சமிருக்கிற சத்துகளை நாணலும் கோரையும் உறிஞ்சிக்கொள்ள, தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகிறது. 1987லிருந்து இப்படித்தான். சாக்கடைத் தண்ணின்னு அம்மா முகம் சுளிக்கிறதுக்குள்ளே கொக்கும் நாரையும் கூட்டமா பறந்து அவங்க வாயை அடைச்சுடும். கரையில் படுத்திருக்கிற கட்டை, கட்டை இல்லை. கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. அதற்குத் தீனி போடுவது ஃப்ளோரிடாவில் சட்டப்படி குற்றம். கான்வகேஷன் டிசம்பரில் என்றால் நீங்க அதிர்ஷ்டசாலி. குளிர்காலத்தில்தான் பறவைக் கூட்டம் அதிகம். ஆகஸ்ட் என்றால் காலையிலேயே போயிடுங்க. மதியம் இடி மின்னல் கச்சேரி கியாரண்டி.

தெற்கே, டிஸ்னியை ஒட்டி 192ஆம் நெடுஞ்சாலை. இங்கே ‘ஓல்ட் டவுன்’ போக நுழைவுக் கட்டணம் இல்லை. சனிக்கிழமை பழைய கார்கள் ஊர்வலம் வரும். அப்பா அம்பாசடர் கதை ஆரம்பிப்பார், கேளுங்க. ஆனா அதே சாலையில் வரிசையா மோட்டல்கள் இருக்கே, அதில் டூரிஸ்ட்டுகள் மட்டும் தங்கவில்லை. வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ் புரட்ட முடியாத குடும்பங்கள் வாரவாடகை கொடுத்து ஒரே அறையில் பிள்ளைகளோடு வருஷக்கணக்கா இருக்காங்க. இதைத்தான் ஷான் பேக்கர் 2017இல் ‘தி ஃப்ளோரிடா புராஜெக்ட்’ என்று படமாக எடுத்தார். டிஸ்னி இந்தப் பூங்காவுக்கு ஆரம்பத்தில் வைத்திருந்த பெயரும் அதேதான்! அதில் தோழியின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகளை அம்மாக்காரி வெட்டவெளிக்குக் கூட்டிப் போய், தூரத்தில் வெடிக்கிற டிஸ்னி வாணவேடிக்கையைக் காட்டுவாள். அவ்வளவுதான் பர்த்டே ட்ரீட். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற படமில்லை, தனியா பாருங்க. பார்த்துட்டு அந்தச் சாலையில் போகும்போது மோட்டல் வாசலில் சைக்கிள் ஓட்டுகிற பொடிசுகள் வேற மாதிரி தெரிவாங்க.

கடைசி அயிட்டத்துக்கு டிஸ்னியே கிட்ட வரமுடியாது. ராக்கெட்! உங்க யு.சி.எஃப். 1963இல் தொடங்கப்பட்டதே விண்வெளி மையத்துக்கு ஆள் தயார் பண்ணத்தான். கேப் கனாவரல் பக்கமிருந்து 2025இல் மட்டும் நூறுக்கு மேல் ஏவினாங்க. ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்றாலே நெருப்புக்கோடு தெரியும். முக்கால் மணி நேரம் காரில் போனால் டைட்டஸ்வில். ஆற்றங்கரையில் ஸ்பேஸ் வியூ பார்க். டிக்கெட் கிடையாது. பழவேற்காட்டிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட்டைப் பார்க்கிற மாதிரி, அக்கரையில் கிளம்புவதை இக்கரையில் நின்று பார்க்கலாம். முதலில் வெளிச்சம் மட்டும் சத்தமில்லாமல் ஏறும். ஒரு நிமிஷம் போல கழிச்சுத்தான் அந்த உறுமல் வந்து நெஞ்சில் இடிக்கும்.

தேதியை முன்னாடியே பார்த்து வெச்சுக்கோங்க. காற்று, மேகம்னு கடைசி நிமிஷத்தில் தள்ளிப்போவது அங்கே சகஜம். ரெண்டு நாள் கையில் இருக்கட்டும். கொசு மருந்து, புளியோதரைப் பொட்டலம் அவசியம். செல்போனைத் தங்கச்சி கையில் கொடுத்துடாதீங்க. வீடியோ எடுக்கிறேன்னு ராக்கெட் பூராவையும் ஸ்கிரீனிலேயே பார்த்துடுவா.