ஊசித் துளையும் ஒரு மஞ்சள் விளக்கும்

காரின் முகப்புப் பலகையில் எரியும் எச்சரிக்கை விளக்குகளிற் பெரும்பாலானவை காருக்கு உடையவனின் நன்மையை முன்னிட்டே எரிகின்றன. எண்ணெய் குறைந்தால் என்ஜின் பாழாகும். ரேடியேட்டர் கொதித்தால் வண்டி நடுவழியில் நிற்கும். ஆகையால் அவற்றை அலட்சியம் செய்கிறவன் தன் பணத்துக்குத் தானே பகைவனாகிறான். பெட்ரோல் டேங்கின் ஆவி கசிகிறதென்று எரியும் மஞ்சள் விளக்கின் சுபாவமோ வேறு. வண்டி வழக்கம்போல் ஓடுகிறது, மைலேஜ் குறையவில்லை, மூக்குக்கு வாசனையும் எட்டவில்லை. அப்படியிருந்தும், அரை மில்லிமீட்டர் அகலமுள்ள துளை எங்கோ விழுந்திருக்கிறதென்று வண்டி பிடிவாதமாக முறையிடுகிறது. கலிபோர்னியாவில் வாழ வந்தபின் இவ்விளக்கோடு ஏற்பட்ட பரிச்சயத்தில் நான் கொண்ட அபிப்பிராயம், வண்டியிலுள்ள விளக்குகளுள் இது ஒன்றே அண்டை அயலாருக்காக எரிகிறது என்பதாகும்.

இவ்வளவு சூட்சுமமான சட்டம் அந்த மாகாணத்தில் பிறந்ததற்குக் காரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின்மேல் கவிந்து கண்ணைக் கரிக்கச் செய்த பழுப்பு மூட்டம் எங்கிருந்து வருகிறதென்று பலரும் பலவிதமாக ஊகித்துக்கொண்டிருந்த காலத்தில், அதுவரை அன்னாசிப் பழத்தின் வாசனைக்குக் காரணமான பொருள்களைப் பகுத்து ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன் ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர், பெட்ரோலின் ஆவியும் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய கிரணத்திற் கூடி ஓசோனை உண்டாக்குவதே அதற்கு மூலம் என்று 1950களின் தொடக்கத்தில் நிரூபித்தார். ஓடுகிற வண்டி மட்டுமல்ல, வெயிலில் சும்மா நிற்கிற வண்டியும் குற்றவாளிதான் என்று ஆயிற்று. 1970ஆம் ஆண்டு மாடல்கள் முதல் டேங்கின் ஆவியை வெளியே விடாமல் பிடித்துவைக்கும் ஏற்பாடு அங்கே கட்டாயமாயிற்று.

ஏற்பாடு எளியதே. டேங்கில் எழும் ஆவி, கரித்துண்டுகள் நிறைந்த கேனிஸ்டர் என்ற பெட்டிக்குட் சென்று ஒட்டிக்கொள்ளும். என்ஜின் ஓடுகையில் பர்ஜ் வால்வு திறந்து அதை உறிஞ்சி எரித்துவிடும். வெளிக்காற்று வந்து போக வென்ட் வால்வு என்று மற்றொன்று. இந்தக் கட்டுக்கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டுமென்ற விதி 1996 மாடல்களோடு வந்தது. முதலில் ஒரு மில்லிமீட்டர்த் துளை வரையிலும், 2000ஐ ஒட்டிய மாடல்களிலிருந்து அரை மில்லிமீட்டர் வரையிலும் கண்டுபிடிக்கும்படி அது இறுக்கப்பட்டது.

அச்சோதனை நடக்கும் விதம் ரசமானது. வென்ட் வால்வை அடைத்து, பர்ஜ் வால்வின் வழியே டேங்குக்குள் சிறிது வெற்றிடத்தை உண்டாக்கி, பிறகு அதையும் அடைத்து, வெற்றிடம் நிலைக்கிறதா, கரைகிறதா என்று வண்டியின் கம்ப்யூட்டர் கவனிக்கிறது. ஆனால் பெட்ரோலோ தானே ஆவியாகிக்கொண்டிருக்கும் திரவம். சூடேறினாலும் அலைந்தாலும் வெற்றிடத்தைத் தானே கெடுத்து, துளையில்லாத டேங்கையும் துளையுள்ளது போலக் காட்டிவிடும். ஆதலால், டேங்க் ஏறக்குறைய நிறைந்திருந்தாலும் வறண்டிருந்தாலும், வெளியே கடும் வெயிலோ கடுங்குளிரோ இருந்தாலும், கம்ப்யூட்டர் சோதனையை ஒத்திப்போடும். டொயோட்டா வண்டிகள் பலவற்றில், சாவியை எடுத்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கழித்து, வீட்டார் உறங்கும் வேளையில், ஒரு சிறு பம்பு தானே முனகிச் சோதித்துவிட்டு அடங்குகிறது. நள்ளிரவில் அந்த ஒலியைக் கேட்டுத் திருடனென்று எண்ணினால் அதிசயமில்லை.

சோதனையில் தவறினால் கிடைப்பது பி 0456 என்ற ஒரு குறியீடு. மிகச் சிறிய கசிவு உண்டு என்பதே அதன் பொருள், இடம் சொல்லாது. இங்கேதான் மனிதர்களின் குணபேதம் வெளிப்படுகிறது. அவசரக்காரர் முதலில் மூடியை மாற்றுவார். விளக்கு மீண்டும் எரிந்தால் பர்ஜ் வால்வு, பிறகு வென்ட் வால்வு, கடைசியில் விலையுயர்ந்த கேனிஸ்டர் என்று கடைக்காரரை வாழவைப்பார். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருப்பது சகஜமாதலால் அங்கே தொடங்குவது நியாயமே. அதற்கப்பால் ஊகித்து வாங்குவதைச் சிகிச்சை என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

என் வண்டியில் இக்குறியீடு வந்தபோது, எங்கள் தெருமுனை ஒர்க்ஷாப்பிலிருந்த முதிய மெக்கானிக் எதையும் வாங்கச் சொல்லாமல் புகை இயந்திரத்தை உருட்டிவந்தார். சைக்கிள் கடைக்காரர் காற்றடித்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழியைத் தேடுகிற யுக்திதான் இதுவும். காரைத் தொட்டியில் அமுக்க முடியாதாகையால், கனிம எண்ணெயைச் சூடாக்கி எழுப்பிய வெண்புகையை உள்ளே செலுத்தி, அது தலைகாட்டும் இடத்தைப் பார்க்கிறார்கள். பெட்ரோல் ஆவியோடு காற்றுக் கலப்பது ஆபத்தாதலால் புகையைத் தள்ளுவதற்கு நைட்ரஜன் வாயு. டேங்கும் குழாய்களும் நோகாதபடி மிக மெல்லிய அழுத்தம். டார்ச் விளக்கை அடித்துக்கொண்டு அவர் வண்டிக்கடியிற் கிடந்த நேரம் சிறிதன்று. புகை எங்கும் தென்படவில்லை. அப்போதுதான் அவருடைய அனுபவம் பேசிற்று: பர்ஜ் வால்வு சரியாக மூடாமலிருந்தால் ஆவி கசிவது என்ஜினுக்குள்ளேயாகும், வெளியே புகை எப்படி வரும்? கேனிஸ்டர்ப் பக்கத்துக் குழாயைக் கழற்றி, என்ஜினை ஓடவிட்டு, வால்வின் வாயில் விரலை வைக்கச் சொன்னார். மூடியிருக்க வேண்டிய வால்வு விரலை மெல்ல இழுத்தது.

வென்ட் பக்கத்து உபத்திரவங்கள் வேறு ஜாதி. புழுதி அடைக்கும், சில சமயம் சிலந்தியும் அடைக்கும். பெட்ரோல் ஆவியின் வாசனையை நாடிவந்த ஒருவகை மஞ்சள் சிலந்திகள் அக்குழாயில் வலைபின்னியதால், டேங்கின் அழுத்தம் கெட்டு விரிசல் காணக்கூடுமென்று, 2011இல் மஸ்டா நிறுவனம் ஆயிரக்கணக்கான மஸ்டா 6 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்தது.

பங்கில் பெட்ரோல் போடுகையில் குழாய் தானே ‘டக்’கென்று நின்றபின், சில்லறையைச் சரிக்கட்ட மேலும் ஊற்றாதீர்கள், வழியும் திரவம் கேனிஸ்டரை அடைந்து கரியைக் கெடுத்துவிடும். ஸ்கேனரால் குறியீட்டை அழித்துவிட்டு மாகாணம் கேட்கும் புகைப் பரிசோதனைக்குப் போகும் சாமர்த்தியமும் வேண்டாம்; அழித்தால் வண்டி தன் சோதனைகளை மீண்டும் முடித்தாக வேண்டும். ஆவிச் சோதனை முடியாதிருந்தாலும் பொறுத்துக்கொள்ளும் சலுகை 2000 மாடல் முதலான பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிபோர்னியாவில் உண்டு என்பது மெய். ஆனால் 2019 ஜூலை முதல், ஸ்கேனரால் அழிக்கமுடியாத நிரந்தரக் குறியீட்டையும் அங்கே பார்க்கிறார்கள்.