கார்த்திகை முகூர்த்தம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் மண்டபத்துக்கு அடிதடி. வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான். 2018இல் கஜா புயல் ஐப்பசிக் கடைசியில் கரையைக் கடந்தது.

எங்கள் வீட்டுக் கல்யாணமும் இந்தக் கார்த்திகையில்தான். பெரியப்பா மேடை அலங்காரத்தைப் பற்றியே பேசுகிறார். நான் சமையல் கொட்டகையைப் பாருங்கள் என்கிறேன். துணிப்பந்தல் ஆகாது. மழைத்தண்ணீர் தொட்டில் மாதிரி தேங்கித் தொங்கும். ஓர் ஆள் மூங்கில் கழியால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டே நிற்கவேண்டும். தகரம் போடுங்கள், நல்ல சரிவாக. ஜெனரேட்டரை மேட்டில் வையுங்கள். பெரியவர்கள் காரைவிட்டு இறங்கும் இடத்திலிருந்து படிவரை கூரை வேண்டும், வழுக்காமல் சாக்கும்.

சமையல்காரர்கள் படுக்க ஈரமில்லாத ஓர் அறை கேட்டிருக்கிறேன். இதை யாரும் யோசிப்பதே இல்லை. விடியுமுன்னே எழுந்து இட்லி ஊற்றுகிறவர்கள் அவர்கள்.