முடுகும் பாரமும்

யாப்பிலே விரைந்தோடும் சந்தத்தை முடுகு என்பர். விஞ்ஞான வகுப்பிலே வேகம் பெருகும் வீதத்தை ஆர்முடுகல் என்கின்றனர். தமிழாசிரியராகிய நாம் இவ்விரண்டையும் ஒருங்கே கண்ட இடம் நமது கல்லூரித் தேகப்பயிற்சிக் கூடமாகும்.

நாற்பதைக் கடந்த பின்னர் நாமும் அங்கே மாணாக்கருடன் பாரந் தூக்கி வருகிறோம். அவர்களுள் ஒருவன், தோழர் ஏற்றும் இரும்புத் தட்டுகளிற் பாதியே தன்னால் இயலுமென்று நாணி, கூடத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். அவனை மீட்டற்பொருட்டே இம்முறையை நாம் கற்கலானோம்.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிற் பாரந்தூக்குவோரைப் பயிற்றிய லூயி சிமன்ஸ் (1947–2022) என்பார், சோவியத் நூல்களை ஆராய்ந்து இதனைப் பரப்பினார். இதன் அடிப்படை எளிது. விசையென்பது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்கி வருவது. ஆகவே, பாரத்தைக் கூட்டாது ஆர்முடுகலைக் கூட்டியும் விசையை மிகுக்கலாம். 100 கிலோ தூக்க வல்லவன் 50 அல்லது 60 கிலோவை ஏற்றித் தன் முழு விரைவோடும் உயர்த்துகிறான். ஒரு தொடருக்கு 2 அல்லது 3 முறையே. அத்தகைய தொடர்கள் 8 முதல் 12 வரை. இடையே ஒரு நிமிட அளவே ஓய்வு. இலேசான பாரத்தை விரைந்து தள்ளுங்கால், கை நீண்டு முடியுமிடத்தில் விசை குன்றும். அது குன்றாதிருக்கத் தண்டின் இருபுறமும் சங்கிலி தொங்கவிடுவர். தண்டு உயர உயரக் கண்ணிகள் நிலத்தைவிட்டெழுந்து பாரத்தைக் கூட்டும்.

விரைவென்பது அவசரமன்று. முடுகு பாடுங்கால் எழுத்துச் சிதைந்தால் ஓசை கெடும். இங்கும் நிலை குலைந்தாலோ விரைவு தளர்ந்தாலோ உடனே நிறுத்தல் வேண்டும். தூக்கும் முறையைச் செவ்வனே கல்லாதார்க்கு இஃது ஏற்றதன்று. பெரும்பாரத்துக்கு இது மாற்றுமன்று. சிமன்ஸ் வாரத்தில் இரு நாள் பெரும்பாரமும் இரு நாள் விரைவுமாகவே வகுத்திருந்தார்.

அம்மாணவன் மீண்டு வந்தான். சில மாதம் முறையைக் கற்றான். பின்னர் விரைவைக் கற்றான். தோழரினும் குறைந்த பாரமே இன்றும் தூக்குகிறான். எனினும் அவன் கையில் தண்டு எழும் விரைவைக் காண ஏனையோர் தம் தட்டுகளை இறக்கிவைத்து நிற்பதுண்டு. ஒரு மாலையேனும் அவன் இப்போது தவறுவதில்லை.

பழைய மாணவர் எவரிடமேனும் கனத்த இரும்புச் சங்கிலி பயனின்றிக் கிடக்குமாயின், அதனைக் கூடத்துக்கு அன்பளிப்புச் செய்யுமாறு வேண்டுகிறோம்.