உதை வாங்குகிற முகம்

1993இல் வந்த ‘ஜென்டில்மேன்’ படத்தைச் சென்ற வாரம் மீண்டும் பார்த்தேன். அப்பளக் கம்பெனியில் கவுண்டமணி செந்திலை அதட்டுகிற காட்சிகள். இந்த ஜோடியைச் சிறுவனாகப் பார்த்த நாட்களில் என் கண்ணில் பட்டது உதைக்கிற கால் மட்டும்தான். இப்போது செந்திலின் முகம் தெரிகிறது. உதை நிச்சயம் என்று அறிந்தும் அடுத்த கேள்விக்கு வாய் திறக்கிற முகம். ஹாஸ்யம் பிறப்பது அந்த அசட்டுத் துணிச்சலில். அடுத்த காட்சியில் அந்தப் பாத்திரம் காயமின்றி வந்து நிற்கும் என்ற உத்தரவாதத்தின் பேரில் நாமும் சிரிக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் கிளையில் பியூனை மேலாளர் இதே தொனியில் ஏசினார். கவுண்டரிலிருந்த நாங்கள் சிரித்தோம், நானும்தான். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை.

பழியைப் படத்தின்மேல் போட்டுவிட்டு நான் நழுவ முடியாது. இப்போதும் செந்தில் வாய் திறந்ததும் சிரித்துவிடுகிறேன். வெட்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வருகிறது.